எப்பாவலப் பாறையும் ஊவாக் கொழுந்தும்

(பதுளையில் ஆசிரியர், தொழில்நுட்பவியலாளர், கமக்காரர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கைத்தொழிற் கொள்கையும் சுதந்திரமான அறிஞர் ஆலோசனையும் என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இது கொழும்பிலே குளிரூட்டிய மண்டபத்தில் இருந்து பேசவேண்டிய விடயமல்லவா, பதுளையிலே எதற்கு என்று எண்ணியவர்களும் உங்களுள் இருப்பீர்கள். வாசலில் நின்ற அன்பர் ஒருவர் எம் காதுபடவே அவ்வாறு கூறினார். அவருக்கு விடையாக ஒரு சிறு கணக்கோடு தொடங்குகின்றோம்.

ஒரு மூட்டை யூரியாவின் நிறை 50 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆகவே ஒரு மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. தேயிலைச் செடி தளிர்விட வேண்டுமாயின் அதற்கு முதலில் வேண்டிய உணவு இந்த நைதரசனே. கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் நைதரசன் காணப்படும். ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது 50 கிலோ மூட்டையொன்றில் இருப்பது முக்காற் கிலோ. ஒரு மூட்டை யூரியா தருவதைக் கூட்டெருவாற் பெறுவதற்கு ஏறக்குறைய 30 மூட்டை தேவைப்படும். ஒரு ஹெக்டேயர் மலைக்கு ஆண்டொன்றுக்கு 200 கிலோ நைதரசன் இடுவதாயின் யூரியா 9 மூட்டை. கூட்டெரு 260 மூட்டைக்கு மேல். நமுனுகுலைச் சரிவிலும் லுணுகலைச் சரிவிலும் அந்த 260 மூட்டைகளையும் முதுகிலே சுமந்து ஏறப்போகின்றவர் யார்? மூட்டையைச் சுமந்த நாளுக்குப் பேர் போடுவது யார்? அத்தனை கூட்டெருவுக்குரிய இலைகுழையும் சாணமும் எந்த ஊரில் இருந்து வரும்?

இக்கணக்கைச் செய்வதற்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் செய்வான். ஆயினும் 2021ஆம் ஆண்டிலே இந்நாட்டை ஆண்டவர்கள் செய்யவில்லை. செய்து காட்டியவர்களின் சொல்லையும் கேட்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வெலிமடையில் உருளைக்கிழங்கு நட்டவர்களும், பசறையிலும் ஹாலிஎலையிலும் கொழுந்து பறித்தவர்களும் ஆவர். ஆதலின் இது பதுளையிலே பேசவேண்டிய விடயமேயாகும்.

ஓராண்டில் இரு வர்த்தமானிகள்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. எத்தனையோ ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்ற அந்த ஆயிரத்தை எண்ணி மகிழ்வதற்கு மக்களுக்கு இரண்டு மாதங்களே கிடைத்தன. ஏப்ரல் 27ஆம் நாள் அமைச்சரவை இணங்கியது. மே 6ஆம் நாள் மற்றொரு வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளையையும் பூச்சிகொல்லி, களைகொல்லிகளையும் இறக்குமதி செய்வது தடைப்பட்டது. படிப்படியாகப் பத்தாண்டில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்று 2019இல் வாக்குக் கேட்டவர்கள், பத்தாண்டை ஒரே இரவாகச் சுருக்கிவிட்டனர்.

இவ்விரு வர்த்தமானிகளுக்கும் என்ன தொடர்பு என்பதை ஒரு தாய் எமக்கு விளக்கினார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துத் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னது இது: “ஐயா, சம்பளம் ஆயிரம்னு எழுதிட்டாங்க. ஆனா கிலோ வந்தாத்தானே முழுப்பேர்? பசளை போடுறதும் நாங்க, மருந்தடிக்கிறதும் நாங்க. இலை மஞ்சளா வருதுன்னு புரட்டாசியிலேயே சொன்னோம். யாரு கேட்டா?”

பறிக்கின்ற கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். நிறையைத் தீர்மானிப்பது கை மட்டுமன்று, மண்ணுந்தான். மண்ணுக்குரியது கொழும்பிலே நிறுத்தப்பட்டபொழுது, மார்ச் மாதத்து ஆயிரத்தில் ஒரு பகுதி மே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது என்பதை அந்தத் தாய் எந்தப் பொருளியல் நூலையும் வாசியாமலே அறிந்திருந்தார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்து அறிஞர்கள் உள்ளிட்ட பலர் அந்நாளிலேயே எழுத்தில் எச்சரித்தனர். விளைச்சல் குறையும், தேயிலை ஏற்றுமதி வருவாய் வீழும், சேமிப்பதாகச் சொல்லும் டொலரைவிட அரிசி வாங்கக் கூடுதலான டொலர் செல்லும் என்றார்கள். அவ்வாறு வெளிப்படையாகப் பேசியவர்களுள் ஒருவரான பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளினின்று அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டார். ஒக்டோபரில் தேயிலைக்குத் தடை தளர்ந்தது. நவம்பரில் முழுவதும் கைவிடப்பட்டது. தடை போயிற்று, அதன் விளைவு போகவில்லை. 2021இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ. 2022இல் 251 மில்லியன் கிலோ. எரிபொருள் தட்டுப்பாடும் பசளையின் பெருவிலையும் அவ்வாண்டு சேர்ந்துகொண்டன என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் பட்டினி கிடந்த செடி மறுமாதமே தளிர்க்காது என்பதைத் தோட்டத்திலே பிறந்த எவரும் அறிவர்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கூட்டெருவைப் பழிப்பவர்கள் அல்லேம் நாம். ஊவாவின் சரிவுகளிலே மேல்மண் அரித்தோடிப்போன மலைகள் எத்தனையோ உள. அவற்றில் மண்ணைப் பிடித்து நிறுத்தவும் ஈரத்தைக் காக்கவும் உக்கலும் கூட்டெருவும் வேண்டும். அளவுக்கு மிஞ்சி யூரியா இட்டு மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததும் உண்டு. பசளை விற்கும் கம்பனிகளுக்காக வாதாட நாம் இங்கு வரவில்லை. எது, எவ்வளவு, எந்த மண்ணுக்கு, எத்தனை ஆண்டுகளில் என்பதை அறிந்தவரிடம் கேட்டுச் செய்திருக்கலாம் என்பதே எமது வாதம்.

கப்பலும் போத்தலும்

தடை வந்தபின் நிகழ்ந்த இரண்டு செய்திகளைச் சற்று விரித்துரைக்க அனுமதியுங்கள். சுதந்திரமான அறிஞர் என்பவர் யார் என்பது அவற்றிலே தெளிவாகின்றது.

முதலாவது, கப்பல். சீன நிறுவனமொன்றிடமிருந்து இயற்கைப் பசளை வாங்க ஒப்பந்தமாயிற்று. அதன் மாதிரிகளைக் கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்து அலுவலர்கள் சோதித்தனர். எர்வினியா என்னும் பற்றீரியா இருப்பதாக அறிக்கையிட்டனர். கிழங்கையும் கரட்டையும் அழுகச்செய்யும் இனங்கள் அக்கூட்டத்தில் உண்டு. வெலிமடைக் கமக்காரருக்கு மேலும் விளக்கவேண்டியதில்லை. மறுபடியும் சோதித்தனர், மறுபடியும் அதுவே. ஆயினும் 20,000 தொன் ஏற்றிய கப்பல் புறப்பட்டு வந்து இலங்கைக் கடலிலே சுற்றிக்கொண்டிருந்தது. நிலையத்திடம் 80 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு நிறுவனம் அச்சுறுத்தியது. ஒக்டோபர் இறுதியில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கரும்பட்டியலிற் சேர்த்தது. அலுவலர்கள் தம் அறிக்கையை மாற்றவில்லை. கப்பல் ஈற்றிலே இறக்காமலே திரும்பியது. ஆனால் 2022 சனவரியில் ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் இலங்கை கொடுத்தது. மண்ணைக் காத்தவர்கள் மாதச் சம்பளம் பெறும் சிறு அலுவலர்கள். பணத்தை இழந்தவர்கள், கேளாமல் ஒப்பந்தம் செய்த பெரியவர்கள். கிழங்கு நடுபவன் அந்தச் சிறு அலுவலரைப் பற்றி ஒரு பாராட்டுக் கூட்டமேனும் வைத்தானா? நாமும் வைக்கவில்லை. அது எம் குறை.

இரண்டாவது, போத்தல். 2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ யூரியா என்னும் திரவம் விமானமேறி வந்தது. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என உற்பத்தியாளர் கூறினர். அதில் நைதரசன் நூற்றுக்கு 4 பங்கு. அதாவது போத்தலில் 20 கிராம். மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். வேறுபாடு ஆயிரம் மடங்கு. நுண்துகளாக்கி இலையில் தெளித்தால் வீணாவது குறையும் என்பது உண்மையாக இருக்கலாம். மூட்டை யூரியாவிற் பாதிக்கு மேல் வீணாகின்றது என்றே கொண்டாலும், எஞ்சிய பாதியையும் 20 கிராம் எப்படி ஈடுசெய்யும்? இக்கேள்வியை விற்பவரிடம் கேட்டால் விற்பவருக்குரிய விடைதான் வரும். விற்பனையால் இலாபமும் இல்லாத, மறுப்பதால் நட்டமும் இல்லாத ஒருவர், எங்கள் மண்ணிலே எங்கள் செடியிலே ஈராண்டு வைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.

நுண்துகள் விஞ்ஞானமே பொய்யென்று சொல்ல வரவில்லை. 2008இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த எம் நாட்டு விஞ்ஞானிகள், 2017இல் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழொன்றிலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐதரொட்சி அப்பதைற்று என்னும் எலும்புக்குரிய கனிமத்தின் நுண்துகளிலே யூரியாவை ஒட்டவைத்தால், அது நீரில் ஒரேயடியாகக் கரைந்தோடாமல் ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாக வெளிவருகின்றது என்றும், நெல்வயலில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் விளைச்சல் குறையவில்லை என்றும் காட்டினர். அவர்கள் அதனை அச்சிலேற்றினர், முறையை எழுதினர், எவரும் திருப்பிச் செய்து பார்த்து மறுக்கலாம் என்று திறந்து வைத்தனர். அந்நிறுவனத்தின் பங்காளராகிய தனியார் கம்பனிகளுள் தோட்டமும் பசளை வணிகமும் உடையவர்களும் உளர். அது குற்றமன்று. ஆயினும் அந்தப் பசளையை வாங்குவதா என்று நாளை அரசு கேட்குமாயின், விடைசொல்ல வேண்டியவர் வேறொருவர். கண்டுபிடித்தவர் திறமையானவர் என்பதும், தீர்ப்புச் சொல்பவர் வேறானவர் என்பதும் ஒருங்கே நிற்கத் தக்கனவே.

எப்பாவல

அப்பதைற்று என்றோம். அச்சொல் எம்மை அநுராதபுர மாவட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றது. எப்பாவல என்னும் ஊரில் 1971இல் அரசின் புவிச்சரிதத் திணைக்களத்தார் பொசுபேற்றுப் பாறையொன்றைக் கண்டுபிடித்தனர். அது ஒருவகை அப்பதைற்றுப் பாறை. ஊவாத் தேயிலைக்கும் வடமத்திய மாகாணத்துப் பாறைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். செடியின் வேருக்குப் பொசுபரசு வேண்டும். எப்பாவலப் பாறையில் அது மிகுதியாக உண்டு. ஆனால் எளிதிற் கரையாது. மூன்று மாதத்திலே அறுக்கும் நெல்லுக்கு அது பயன்படாது. தேயிலை மண்ணோ புளித்தன்மை உடையது. தேயிலையோ பல்லாண்டு நிற்கும் பயிர். புளித்த மண் பாறைத்தூளைச் சிறிது சிறிதாகக் கரைத்து வேருக்கு ஊட்டுகின்றது. ஆதலின் அரைத்த எப்பாவலப் பாறை எம் தோட்டங்களின் பசளைக் கலவையிலே நெடுங்காலமாகச் சேர்கின்றது. பசளை போடுகின்ற தோழர்களே, உங்கள் கையிலே ஒட்டுகின்ற அந்தத் தூள் கடல்கடந்து வந்ததன்று.

அந்தப் பாறையை அப்படியே கொடுத்துவிட ஒருகாலத்தில் ஏற்பாடாயிற்று. 1990களிலே அமெரிக்கப் பெருநிறுவனமான பிறீபோட் மக்மோறனும் அதனோடிணைந்தோரும் இலங்கை அரசோடு பேச்சு நடத்தினர். 30 ஆண்டுகளில் 2 கோடி 61 இலட்சம் தொன் வரை அகழ்வதென்பது திட்டம். அக்காலத்தில் உறுதிப்பட்டிருந்த இருப்போ 2½ கோடி தொன். மேலும் 3½ கோடி இருக்கலாம் என்பது ஊகம். நாடு அப்பொழுது ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 தொன்னே அகழ்ந்து பயன்படுத்தியது. அந்த அளவிலே எடுத்தால் உறுதிப்பட்ட இருப்பு மாத்திரமே 600 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். எமது பேரனுக்குப் பேரன் கொழுந்து பறிக்கும் காலத்துக்கும் உரிய பொருளை முப்பது ஆண்டில் முடித்து வைக்க ஒப்பந்தம் எழுதினர்! 2,600 குடும்பங்கள் வரை வீடும் வயலும் இழக்க நேரும் என்றும் சொல்லப்பட்டது. பண்டைய யோத எல, அதாவது ஜய கங்கை என்னும் கால்வாயும் அவ்வழியே செல்கின்றது.

அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய விஞ்ஞானக் கழகமும் இத்திட்டத்தை ஆராய்ந்து தம் கருத்தை எழுத்திலே வைத்தன. எவ்வளவு உண்டு, எத்தரத்தில் உண்டு என்று முதலில் முழுமையாக ஆராயுங்கள். ஆராயாத சொத்தை விலைபேசாதீர்கள் என்பதே அவற்றின் சாரம். அவ்வூரைச் சேர்ந்த எழுவர், நெல் விதைப்போரும் கறவைமாடு வளர்ப்போரும் ஒரு விகாராதிபதியும், உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு வந்தது. புவிச்சரிதவியல் பணியகம், தேசிய விஞ்ஞான மன்றத்தையும் தேசிய விஞ்ஞானக் கழகத்தையும் கலந்து முழு ஆய்வு செய்து அதன் முடிவுகளை வெளியிடும்வரையும், சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெறும்வரையும் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று மன்றம் கட்டளையிட்டது. திட்டம் நின்றது. பாறை இன்றும் எப்பாவலையிலே இருக்கின்றது.

2000இல் அறிஞர் சொல் வென்றது, 2021இல் தோற்றது. அறிஞர்கள் இரு காலத்திலும் இருந்தனர். இரு காலத்திலும் எழுத்திலே சொன்னார்கள். எப்பாவலையில் அந்த எழுத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதற்கு எழுவர் இருந்தனர். அவர்களுக்கு நிலத்தின் உறுதி கையிலே இருந்தது; அறிக்கையை வாசித்துச் சொல்ல ஆட்கள் இருந்தனர்; கையொப்பமிடுவதற்குமுன் செல்ல நேரமும் இருந்தது. 2021இல் அமைச்சரவை இணங்கிய பத்தாம் நாள் வர்த்தமானி வந்துவிட்டது.

இனி எம்மை நோக்குங்கள். ஊவாத் தோட்டத்து லயத்திலே வாழ்பவருக்கு நிலத்தின் உறுதி எங்கே? தலைமுறை தலைமுறையாக அந்த மலையை வெட்டி, நட்டு, கவ்வாத்துச் செய்து, பசளை இட்டவருக்கு, அதன் ஒரு பேர்ச் நிலம் சொந்தமென்று காட்டத் தாள் ஒன்றில்லை. ஆயினும் எப்பாவலைத் தீர்ப்பு நிலவுரிமையை மாத்திரம் பேசவில்லை. சட்டத்தின்முன் சமத்துவம், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வாழும் உரிமை என்பவற்றையும் பேசியது. தொழில் செய்யும் உரிமை கொழுந்து பறிப்பவருக்கும் உண்டல்லவா? எம் வழக்கறிஞர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். இம்மண்டபத்திலேயே இருவர் முன்வரிசையில் இருக்கின்றனர்.

தொழிற்சாலை கட்டுவோம் என்னும் முன்

பாறையை அந்நியனுக்குக் கொடாதீர். நாமே தொழிற்சாலை கட்டிப் பசளை செய்வோம் என்னும் குரல் எழுகின்றது. கேட்க இனிமையாக இருக்கின்றது. எமக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆசைக்கும் கணக்கு வேண்டும். பாறையைக் கரையச் செய்ய அமிலம் வேண்டும். சல்பூரிக்கமிலத்துக்குக் கந்தகம் வேண்டும். அது இந்நாட்டில் இல்லை, வாங்கவேண்டும். சாதாரண சுப்பர் பொசுபேற்று எளிது; பக்க விளைபொருளாகிய சிப்சம் அதனுள்ளேயே தங்கிவிடும். செறிவுமிகுந்த வகைக்குப் பொசுபோரிக்கமிலம் செய்யவேண்டும். அப்பொழுது அமிலத்திலுள்ள பொசுபேற்று ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 5 தொன் சிப்சக் கழிவு மலையாகக் குவியும். அதனை எந்த ஊரிலே கொட்டுவது? மேலும் எப்பாவலப் பாறையில் குளோரின் உண்டு. அமிலத்தோடு கூடும்பொழுது அது கலங்களையும் குழாய்களையும் அரிக்கும். எந்த உருக்கினாலே கலம் வார்ப்பது, எத்தனை ஆண்டு தாங்கும், அதன் விலையென்ன என்பவை மேடையில் முழங்கித் தீர்க்கும் கேள்விகள் அல்ல. இவற்றுக்கு உலோகமும் கனிமமும் கற்றவர் வேண்டும்.

சப்புகஸ்கந்தையை நினைவுகொள்வோம். எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் நப்தாவைக் கொண்டு யூரியா செய்வோம் என்று பெரும் பொருட்செலவிற் கட்டிய அரசாங்கத் தொழிற்சாலை 1980களிலே சில ஆண்டுகளே இயங்கி மூடப்பட்டது. நப்தாவின் விலைக்கு யூரியா கட்டுப்படியாகவில்லை. கட்டியபொழுது நாட்டியவர்கள் பெயர் கல்லில் உண்டு. மூடியபொழுது கணக்குப் பார்த்தவர்கள் பெயர் எங்கும் இல்லை.

உமா ஓயாவைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் ஒரு சொல். 2014 டிசெம்பரில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017இல் மக்கள் வீதியில் இறங்கினர். அதற்குப் பின்னரே வெளிநாட்டு வல்லுநரையும் அழைத்து, இந்தப் பாறையின் வெடிப்புகளூடே நீர் எங்கே ஓடுகின்றது என்று கேட்டனர். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாற்று மின்சாரம் நாட்டுக்குப் பயன்தான். தோண்டுவதற்கு முன் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைத் தோண்டியபின் கேட்டார்கள் என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

எம் மன்றத்தில் எம்மவர்

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. தலவாக்கலையில் தலைமை, ஊவாவுக்கெனப் பசறையிலே ஒரு கிளை. ஏற்றுமதித் தேயிலையின்மேல் விதித்த வரியே அதனை நெடுங்காலம் வளர்த்தது. அந்தத் தேயிலை எவர் கையாற் பறிக்கப்பட்டது? ஆகவே அந்நிலையத்து ஆராய்ச்சி, தோட்ட முதலாளிக்கும் அமைச்சுக்கும் எவ்வளவு சொந்தமோ, கொழுந்து பறிப்பவருக்கும் கால் ஏக்கர் சிறுதோட்டம் வைத்திருப்பவருக்கும் அவ்வளவு சொந்தம். அதன் பசளைச் சிபாரிசுகள் தமிழிலே எம் கைக்கு வருகின்றனவா? கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் அன்றி, பசளை வாளியைத் தூக்குகின்றவரிடம் எவரேனும் வாசித்துக் காட்டினரா? எத்தனை பேர் கண்டீர்கள் என்று கையை உயர்த்துங்கள். மூவர். இந்த மண்டபத்திலே மூவர்.

இன்னொன்று. இப் பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டம், கனிய வளங்களுக்கு ஒரு பட்டம் அங்கே உண்டு. பாறையையும் கொழுந்தையும் ஒரே வளாகத்திலே கற்பிக்கின்ற இடம் எம் வாசலிலே இருக்க, எம் மண்ணைப் பற்றித் தீர்மானிப்பவர் எங்கிருந்தோ வரவேண்டுமா? தோட்டப் பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞான வகுப்புகள் மிகக் குறைவு. பௌதிகமும் இரசாயனமும் தமிழிலே கற்பிக்க ஆசிரியர் இல்லாமையால் கெட்டிக்கார மாணவர் கலைப்பிரிவுக்குத் திரும்புகின்றனர். எம்மவர் ஆலோசனை மன்றத்திலே இல்லையே என்று முறையிடுமுன், பதினேழு வயதிலே எம்மவரை விஞ்ஞானக் கூடத்துக்கு வெளியே நிறுத்தியது யார் என்று கேட்கவேண்டும். இவ்விடத்தில் எம் அரசியற் கட்சிகளையும் நாம் தப்பவிடமாட்டோம். வீதிக்கும் கூரைத்தகட்டுக்கும் கேட்ட அளவுக்கு ஆய்வுகூடத்துக்குக் கேட்டோமா?

செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையிலே இருக்கின்றது. குடிமக்கள் எவரும் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். குடிமக்கள் என்னும் சொல்லைக் கவனியுங்கள். 1948இல் எம் பாட்டனாரிடமிருந்து பறித்ததும், எஞ்சியோருக்கு 2003இன் சட்டத்தாற் கிடைத்ததும் அந்தச் சொல்தான். அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக நாம் பெறவில்லை.

2021இல் பசளையைத் தடுக்கும் முடிவுக்கு முன் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் எழுத்திலே கருத்துக் கேட்கப்பட்டதா, கேட்கப்பட்டதாயின் அந்நிலையம் என்ன சொன்னது என்பது முதற் கேள்வி. ஊவாப் பகுதிக்கான மண் பரிசோதனை முடிவுகளையும் நிலையத்தின் பசளைச் சிபாரிசுகளையும் தமிழிலே தரவேண்டும் என்பது அடுத்தது. எப்பாவலப் பாறையைப் பற்றி 2000ஆம் ஆண்டின் தீர்ப்புக் கேட்ட முழு ஆய்வின் முடிவுகள் எங்கே வெளியாயின என்பதை அதற்குரிய பணியகத்திடம் கேட்போம். புதிதாக எந்தப் பசளையையேனும் தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்யும்பொழுது, அதனைச் சோதித்தவர் எவர், அச்சோதனைக்குப் பணம் கொடுத்தவர் எவர் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

கேள்விகளைத் தமிழிலே எழுதி வைத்திருக்கின்றோம். வாசலுக்கு அருகே மேசையில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கின்றனர். எழுதத் தயங்குவோருக்கு அவர்கள் எழுதித் தருவர். பெயரும் ஒப்பமும் உங்களுடையதாக இருக்கவேண்டும். லுணுகலைக்கும் பசறைக்கும் செல்லும் கடைசிப் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கின்றது. அதற்குள் நூறு விண்ணப்பங்களாவது நிறையட்டும்.